நின்ற கோலம்

"ஒக்காருப்பா. நாற்காலி இன்னா கடிக்கவா போவுது?"

பெண்ணின் தாய் ஞானபாக்கியம் மூன்றாம் முறையாகச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளைக்கென்று துடைத்துப் போட்ட நாற்காலியின் பக்கத்தில், இரு கைகளையும் முன்னே கோத்தபடி கஸ்பார் நின்றான்.

"பரவால்லீங்க அத்தே. நின்னுக்கினே பேசறேன்."

கஸ்பார் துறைமுகத்தில் சரக்கு மூட்டைகளுக்குத் தார்ப்பாய் தைப்பவன். ராயபுரம் மாதா கோயிலில் ஹில்டாவைக் கண்ட நாள் முதல் அவனுக்கு வேறு நினைவில்லை. ஆனால் அவள் தந்தை ஸ்டானிஸ்லாஸ் ரயில்வே யார்டு மேஸ்திரி, எளிதில் மசியாதவர். கைலி கட்டி வந்ததற்காக ஒரு மாப்பிள்ளையையும், தம் எதிரே கால்மேல் கால் போட்டதற்காக இன்னொருவனையும் காப்பி ஆறுமுன் திருப்பி அனுப்பியவர்.

ஆகவே, கோதுமை கொண்டுவந்த அமெரிக்கக் கப்பலின் மாலுமி அணிந்திருந்ததைப் போல ஒரு நீல ஜீன்ஸில் போய் நிற்பதென்று கஸ்பார் முடிவு செய்தான். தையற்காரர் அப்துல் வஹாப் அவன் வாங்கி வந்த முரட்டுத் துணியைத் தொட்டுப் பார்த்தார். "இத்த மிஷின்ல வச்சா மிஷினே என் கடைய வுட்டு ஓடிப்பூடும் நைனா," என்று கைவிரித்தார். கஸ்பார் தன் தார்ப்பாய் ஊசியையே கையில் எடுத்தான்.

பத்து நாள் தைத்தான். முதலில் முழங்காலில் பை போலத் தொங்கியது, பிடித்துத் தைத்தான். தொடை இறுகியது, பிரித்துத் தைத்தான். இன்று காலை கண்ணாடி முன் நின்றபோது, இடையைப் பற்றிய இடத்தில் பற்றி, வழிய வேண்டிய இடத்தில் வழிந்து, மேனியோடு பிறந்தது போல் அமைந்திருந்தது. பாதாதிகேசம் பார்த்த தாய் அடைக்கலமேரி, கண்பட்டுவிடுமென்று சிலுவை வரைந்துகொண்டாள்.

ரிக்‌ஷாவில் ஏறக் காலைத் தூக்கினான். பின்புறம் 'டர்' என்றது.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. தார்ப்பாய் போர்த்திய மூட்டை உட்காருவதில்லை, எழுவதுமில்லை. அந்தப் பழக்கத்தில், முன்துணியையும் பின்துணியையும் ஒரே அளவாக வெட்டிவிட்டான். உட்காரும் உடம்புக்குப் பின்னால் கூடுதலாக இரண்டங்குலம் விட வேண்டுமென்று எண்ணவில்லை. தெய்வத்துக்கு நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என மூன்று உண்டு. கஸ்பாரின் ஜீன்ஸ் முதற் கோலத்துக்கு மட்டுமே தைக்கப்பட்டிருந்தது.

தாய் ரிக்‌ஷாவில் வர, மாப்பிள்ளை பக்கத்திலேயே நடந்து வந்து சேர்ந்தான்.

"எம்புள்ள அப்டித்தான் சம்பந்தி," என்று அடைக்கலமேரி இப்போது சமாளித்தாள். "பெரியவங்க முன்னால குந்தவே மாட்டான்."

"வூட்லயுமா?" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"வூட்ல நான் ஒருத்திதானே. எங்கிட்ட படுத்துக்கினே பேசுவான்."

மேஸ்திரி சிரிக்கவில்லை. புது வெள்ளைக் கால்சட்டையும் கஞ்சி போட்ட சட்டையுமாக, எதிர்ச் சுவரில் முதுகைச் சார்த்தி அவரும் நின்றுகொண்டே இருந்தார். வந்தவர்கள் எப்போது கிளம்புவார்களென்று காத்திருப்பவர் போலிருந்தது அந்த நிலை.

"நீங்களாச்சும் ஒக்காருங்களேன்," என்றாள் ஞானபாக்கியம் கணவரிடம்.

"ஏன், எனக்கு இன்னா வயசாயிடுச்சா? உன் வேலயப் பாரு."

ஹில்டா காப்பியோடு வந்தாள். கஸ்பாரின் ஜீன்ஸை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். தந்தையை ஒரு கணம் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு விறுவிறுவென உள்ளே போய்விட்டாள். அடுப்படியிலிருந்து அடக்கிய சிரிப்பு கேட்டது.

எல்லாம் முடிந்தது என்று எண்ணினான் கஸ்பார்.

"இன்னா துணி அது?" மேஸ்திரியின் குரல் கனத்தது.

"ஜீன்ஸுங்க மாமா."

"யாரு தச்சது?"

பொய் சொல்ல நா எழவில்லை. "நான்தாங்க. மொத தபா."

மேஸ்திரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பார்வை நாற்காலிக்குப் போயிற்று. மீண்டும் ஜீன்ஸுக்கு வந்தது.

"சரி. பொண்ணக் குடுக்கறேன்."

கஸ்பாருக்குத் தன் செவிகளை நம்ப முடியவில்லை. ஞானபாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இம்மா நேரம் கால்கடுக்க நின்னுச்சே, அந்த மருவாதி ஒண்ணு போதாதா?"

மகிழ்ச்சியில் அடைக்கலமேரி எல்லாவற்றையும் மறந்தாள். "இன்னாடா மரமாட்டம் நிக்கற? முட்டி போட்டு மாமாகிட்ட ஆசீர்வாதம் வாங்கு."

கஸ்பாருக்கு மறுக்க வழியில்லை. மாதாவை மனத்தில் நினைத்து, ஒரு முழங்காலை மெல்ல, மிக மெல்ல மடக்கினான். பின்னால் ஒரு தையல் விட்டது.

"வேணாம், வேணாம்," என்று பதறினார் ஸ்டானிஸ்லாஸ். "முட்டி போடாத. நின்னுக்கினே வாங்கிக்கலாம். நீயே இங்க வா."

கஸ்பார் சுவரருகே சென்றான். மேஸ்திரி முதுகைச் சுவரிலிருந்து எடுக்காமலே கையை நீட்டி, அவன் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்தார். பிறகு அவன் காதோரம் வாயை வைத்தார்.

"எம் பேன்ட்டு ஹில்டா தச்சது மாப்ள, அவளுக்கும் மொத தபா. காலைலேர்ந்து நானும் ஒக்காரல."