காருக்கு அடியில் ஓர் ஆமை

"குனியாதீங்க சார்! உங்க காருக்கு அடியில ஆமை இருக்கு!"

கார் சாவியோடு வந்த பிரென்ட் அப்படியே நின்றான். கையை உயர்த்தியபடி ஓடிவந்தது அந்தப் பாலைவனப் பூங்காவின் ரேஞ்சர் அம்மாள்தான். பெயர் ஒஃபேலியா.

பத்து நிமிடம் முன்புதான் அவளோடு ஒரு சண்டை முடிந்திருந்தது.

"மணி ஒண்ணாகுது. நூத்திப் பதினாலு டிகிரி. சின்னப் பொண்ணையும் கூட்டிக்கிட்டு எட்டு மைல் நடக்கப் போறீங்களா? தண்ணி எவ்வளவு இருக்கு?"

"ரெண்டு பாட்டில். ஏன், பாதையை மூடிட்டீங்களா?"

"மூடலை சார். ஆனா..."

"அப்ப உங்க வேலையைப் பாருங்க. நான் சிகாகோவுல மாரத்தான் ஓடினவன்."

பாலைவனத்தை ஒரே நாளில் பார்த்து முடிக்க அவன் பட்டியல் போட்டுக்கொண்டு வந்திருந்தான். காலையில் பாறை ஏற்றம், மத்தியானம் பள்ளத்தாக்கு நடை, மாலையில் சூரிய அஸ்தமனம், அப்புறம் நட்சத்திரம். பள்ளத்தாக்குப் பாதை தொடங்கும் இடத்துக்குக் காரில்தான் போக வேண்டும். காருக்கு அடியிலோ ஆமை!

"ஒரு குச்சியால தள்ளிவிட்டுட்டுப் போறேன்."

"ஐயையோ! சீண்டினா பயத்துல ஒண்ணுக்குப் போயிடும் சார். மாசக்கணக்கா உடம்புல சேர்த்துவெச்ச தண்ணி அது. அது போச்சுன்னா ஆமையும் போச்சு. எட்டிப் பார்த்தாக்கூட மிரளும். அப்புறம் உங்களுக்கு அபராதம், கோர்ட்டு..."

'பூமியைக் காப்போம்' என்று எழுதிய பனியனோடு பிரென்ட் பல்லைக் கடித்தான்.

"எப்போதான் நகரும்?"

"அது ஆமை சார்."

அவன் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, மகளோடு கூரை போட்ட நிழலில் போய் உட்கார்ந்தாள். ஒஃபேலியா ஒரு பெட்டி நிறைய ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, தானும் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு மணி. "போயிடுச்சா?"

"இல்ல சார்."

இரண்டரை. "இப்போ?"

"தலையை நீட்டுச்சு. நீங்க கத்தினதும் உள்ள இழுத்துக்கிச்சு."

"கவர்ன்மெண்ட் சம்பளம் வாங்கிட்டு ஆமைக்குக் காவலா! நல்ல உத்தியோகம்!"

"ஆமாம் சார். பென்ஷனும் உண்டு."

மூன்று மணிக்கு அவளுடைய வயர்லெஸ் கரகரத்தது. அதே பள்ளத்தாக்கில், இரண்டாவது மைலில், காலேஜ் பையன்கள் இருவர் மயங்கிக் கிடக்கிறார்களாம்.

"உடம்பைத் தேத்தாம வந்தா இப்படித்தான்," என்றான் பிரென்ட். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் பறந்தது. அதை ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

ஐந்து மணிக்கு வெயில் இறங்கியது. ஒஃபேலியா எழுந்து போய், மண்டியிட்டு, காருக்கு அடியில் பார்த்தாள்.

"போயிடுச்சு சார். நீங்க கிளம்பலாம்."

"எங்க கிளம்புறது? என் நாளே நாசமாப் போச்சு!"

நேராகப் பூங்கா அலுவலகத்துக்கு வண்டியை விட்டான். மேஜைக்குப் பின்னால் இருந்த டுவெய்ன் என்பவர் புகார்ப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். பிரென்ட் ஒரு பக்கம் முழுக்க எழுதித் தள்ளினான். டுவெய்ன் அதை நிதானமாகப் படித்தார்.

"மத்தியானம் ஒரு மணிக்கு ஆமையா சார்?"

"ஆமாம். நாலு மணி நேரம்!"

"இந்த வெயில்ல ஆமை எதுவும் வெளியே தலைகாட்டாது. வளைக்குள்ள போய்ப் படுத்துக்கும். அதுக்கு அந்த அளவு புத்தி உண்டு."

பிரென்ட்டின் முகம் சிவந்தது. "அப்ப... அவ பொய் சொல்லி என்னை ஏமாத்தினாளா?"

டுவெய்ன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"புகாரை அப்படியே மேலிடத்துக்கு அனுப்பிடறேன் சார். ஆனா ஒண்ணு. இந்த வாரத்துல மட்டும் அந்த ஆமை பதினோரு பேரைக் காப்பாத்தியிருக்கு. உங்க மூணு பேரையும் சேர்த்தா பதினாலு."