ஊறியவர்கள்

ஒல்லி என்று மூன்று பெண் வீட்டார் தட்டிக்கழித்த பிறகு, நான்காவது பெண்ணைப் பார்க்கப் போகும் காலையில் குணாளன் அடுக்களையில் அந்தக் கிண்ணத்தைக் கண்டான். வெறும் வயிற்றில் சாப்பிட அம்மா ஊறப்போட்டிருந்த உலர்திராட்சைகள். நேற்று வற்றிக் கிடந்தவை, இப்போது கன்னம் உப்பிக் கொழுகொழுவென்று மிதந்தன. வெறும் தண்ணீர்தான்! நேராகப் போய்க் குளியலறை டிரம்மில் கழுத்தளவு இறங்கிவிட்டான்.

"மூணு மணி நேரமா உள்ள என்னடா பண்ற? கார் வந்துடுச்சு!" என்று அம்மா கதவை இடித்தாள்.

சட்டை அதே தொளதொளப்பு. போதாததற்கு, விரல்நுனி பத்தும் வற்றிய திராட்சையாகச் சுருங்கியிருந்தன.

பெண் வீட்டில் கைகளைத் தொடைக்கடியில் ஒளித்துக்கொண்டான். பூசினாற்போல் இருப்பாள் என்று தரகர் சொன்ன பெண் காபியை நீட்டினாள். வேறு வழியில்லை, வாங்கினான். அவள் அவன் விரல்களையே பார்த்தாள். அவள் விரல்களும் சுருங்கித்தான் இருந்தன. மணிக்கட்டில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது.

"வெறும் தண்ணியா?" என்று குனிந்து கிசுகிசுத்தாள்.

தலையாட்டினான்.

"நான் கல்லுப்புத் தண்ணி. ஊறுகாய் மாங்கா அதுல நல்லா சுருங்குதேன்னு பார்த்தேன்."

டம்ளர் விளிம்பு உப்புக் கரித்தது. குணாளன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொரு காபி கேட்டான்.