ஆதம்லெப்பையின் குதிரைகள்

கோடரி மரக்குதிரையின் கழுத்தில் இறங்கியது. தலை தனியே உருண்டது.

"உங்களுக்கு விசரா?" சுல்பிகா கணவனின் கையைப் பிடித்தாள். ஆதம்லெப்பை அவளைத் தள்ளிவிட்டு அடுத்த குதிரையின் கால்களை வெட்டினார்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் சாய்ந்த மரங்களை அறுத்து, குடும்பமே சேர்ந்து செய்த ராட்டினம் அது. பக்கத்தில் இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு. பெருநாளென்றால் மருதமுனைப் பிள்ளைகள் எல்லாம் அவர் வளவில்தான். குதிரையில் ஒரு கீறல் விழுந்தாலே பிள்ளைகளுக்கு அறைகிற மனிதர், இப்போது வெறிகொண்டு வெட்டினார்.

"காலைல ஊருக்குள்ள வந்து சுட்டுட்டுப் போனவனுகள்ல உள்ள கோவத்த ஏன் குதிரையில காட்டுறீங்க? எவ்வளவு பாடுபட்டுச் செஞ்சது!"

கடைசிக் குதிரையும் விழுந்ததும், அவை நின்ற தட்டின் பலகைகளை அலவாங்கால் நெம்பினார்.

வேலியோரம் அவள் தம்பி மசூர் வந்து நின்றான். சாரனெல்லாம் இரத்தம்.

"மச்சான், ஊரடங்கு. பலகை வாங்க மரக்காலை ஒண்டும் திறக்கல்ல. ஏழு கபுறுக் குழியையும் மூட இந்தப் பலகை காணுமா, குறையுமா?"

ஆதம்லெப்பை அலவாங்கை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"காணும். அதுல நாலு சின்னக் கபுறுதானே."