மூன்றாம் பாகத்தில் இறப்பவள்

அந்த ஜப்பானிய வீடியோ கேம் தொடரில் மூன்றாம் பாகம்தான் உயர்ந்தது என்று என் கணவன் முகில் யாரோடும் சண்டை போடுவான். அதில் காயங்களை ஆற்றும் பெண் ஒருத்தி நடுவிலேயே இறந்துபோவாள். அவளுக்கு நாமே பெயர் வைக்கலாம். கல்லூரி நாட்களில் அவன் வைத்த பெயர் ஜெசிந்தா. அவள் இறந்ததும் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். எந்த ஜெசிந்தா என்று நான் கேட்டதில்லை.

அவன் பிறந்தநாளுக்கு மறதி மையத்தில் பதிவு செய்தேன். மூன்றாம் பாகத்தின் நினைவை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

"இனிமே முதல் தடவை மாதிரி விளையாடலாம்ல?" என்றேன்.

"நீ தெய்வம்டி!"

அன்று மாலையே ஆரம்பித்தான். பெயர் கேட்கும் இடம் வந்ததும் திரும்பிப் பார்த்தான்.

"உன் பேரையே வச்சிடவா?"

'நித்திலா' என்று அவன் தட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நித்திலா இறந்தாள். அவள் சாகும் காட்சியின் சோக இசை கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து அவன் முகத்தையே பார்த்தேன்.

முகில் சிப்ஸ் பாக்கெட்டுக்குள் கையை விட்டான்.

"இதுக்கா நெட்ல எல்லாரும் அப்படி அழுறாங்க? அஞ்சாம் பாகமே தேவல."