ரோட்ஸ் தீவின் கடல்

ஜெர்மனியின் எசன் நகரத்து வீட்டின் அடுப்படியில் நின்றபடி, வெரோனிக்கா மன்னாரிலிருக்கும் மாமியாருக்கு மூன்று படங்கள் அனுப்பினாள். கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவு. நீலக் கடல், நீண்ட கடற்கரை, பழங்காலக் கோயிலொன்றின் உடைந்த தூண்கள். உடனே போன் அடித்தது.

"வடிவான கடல், பிள்ளை. ஜெனிஸ்டன்ர லீவு இன்னும் முடியேல்லையோ?"

"நீட்டிப்போட்டார், மாமி. கூட்டாளிமாரும் அங்க நிக்கினம்."

"ஒரு படத்திலயும் என்ர பிள்ளையின்ர முகத்தைக் காணேல்லையே?"

"படம் எடுக்கிறதே உங்கட மகன்தானே!" வெரோனிக்கா சிரித்தும் காட்டினாள்.



"கடலைக் கண்டால் படம் எடுத்துக்கொண்டு நிக்கிற பிள்ளையே அவன்? உடுப்போட குதிப்பானெல்லோ."

"மாமி..."

"என்ர நெஞ்சு தாங்காதெண்டுதானே ஒளிச்சனீர்? அவன் கண்ணை மூடின அண்டைக்கே மாதா கோயில் பங்குச் சுவாமி வந்து சொல்லிப்போட்டார். நேற்று முப்பத்தொராம் நாள் பூசையும் குடுத்திட்டன். இனிப் படம் தேடிக் களைக்காதையும், பிள்ளை."

வெரோனிக்கா அடுத்த வாரத்துக்கென இணையத்தில் எடுத்து வைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். இந்த ஒரு மாதமாக ஜெனிஸ்டன் உயிரோடிருந்தது அந்தத் தீவில் மட்டும்தான். இனி அங்கேயும் இல்லை.