பக்கத்து இழுப்பறை

“ஒரு மணி நேரம்தான். பதினோரு மணிக்கு அடுத்த ஆளுங்க வந்துடுவாங்க” என்றாள் ரோவீனா. பல்கலைக்கழக மானிடவியல் அருங்காட்சியகத்தின் கிடங்கு அவள் பொறுப்பில் இருந்தது.

மெலியாமே தலையாட்டினாள். இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவள் எட்டு மாதமாகக் கடிதம் எழுதியிருந்தாள்.

நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் டோங்கா தீவுகளிலிருந்து கொண்டு போன அவர்கள் குடும்பத்துப் பாய், அவள் குடியிருக்கும் பிரிஸ்பேனிலேயே இருப்பது போன வருஷம்தான் தெரிந்தது. அதைப் பார்க்க ஊரிலிருந்து தங்கை லாதாய் வந்திருந்தாள். நாளைக்குத் திரும்பும் விமானம். அங்கே அண்ணன் படுத்த படுக்கை. “எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வந்து சொல்லு” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

சகோதரிகள் இருவரும் ஊர் வழக்கப்படி மரியாதைக்காக இடுப்பில் பாய் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ரோவீனா குனிந்து அதன் மடிப்புகளில் டார்ச் அடித்தாள்.

“தப்பா நினைக்காதீங்க. பூச்சி உள்ளே போயிட்டா எல்லாத்தையும் தின்னுடும்.”

“சர்ச்சுக்குக் கட்டுற பாய்மா இது. இதுல பூச்சி இருந்தாலும் ரெண்டு பாட்டுப் பாடிட்டுத்தான் கடிக்கும்” என்றாள் லாதாய்.

ரோவீனா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

கீழ்த்தளம். மேலே கண்ணாடிக்குள் இருந்ததெல்லாம் கொஞ்சம்தான் போல. இங்கே துடுப்புகள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. ஒரு முழுப் படகு வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தது. குளிர்சாதன இயந்திரத்தின் சத்தம் தூரத்தில் அலை உடைவதைப் போலக் கேட்டது. ஊரே பட்டப்பகலில் அசந்து தூங்குவது மாதிரி.

லாதாய் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். “தூங்குறாங்க” என்று கிசுகிசுத்தாள்.

தாழ்வான நீள மேஜையில் இரண்டு இழுப்பறைகள், பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விவரத் தாளோடு எடுத்து வைக்கப்பட்டிருந்தன. “இது ஹாபாய் தீவோடது. உங்களுது. அது எயுவா தீவுலேர்ந்து வந்தது. ஒரே அலமாரிங்கிறதால சேர்ந்தே எடுத்தோம்” என்றாள் ரோவீனா. இரண்டின் மேலும் போர்த்தியிருந்த மெல்லிய காகிதத்தை விலக்கினாள். புகையும் எண்ணெயும் கலந்த பழைய வாசனை எழுந்தது.

லாதாய் விவரத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருக்க, மெலியாமே தங்கள் பாயின் முன்னால் நின்றாள். தேன் நிறம். ஓரம் நைந்து, தோல் மாதிரி மெலிந்திருந்தது. என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் பக்கத்தில் குரல் எழுந்தது.

லாதாய் தரையில் உட்கார்ந்து அடுத்த இழுப்பறையின் விளிம்பில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தாள். சாதாரண அழுகை இல்லை. சாவு வீட்டில் சொல்லிச் சொல்லி அழும் அழுகை.

“இந்தக் குளிர்ல எப்படி இருந்தே? யார் உன்னை வெயில்ல விரிச்சா? யார் உனக்கு எண்ணெய் தடவினா?”

மெலியாமே தங்கையின் தோளைத் தொட்டாள். “லாதாய், அது நம்மளுது இல்லடி. இங்க பாரு, இதுதான்.”

லாதாய் கையை மட்டும் தூக்கி, சும்மா இரு என்பது போல் காட்டினாள். அழுகை நிற்கவில்லை.

“நான் வேணா சொல்லட்டுமா?” என்று ரோவீனா சங்கடத்துடன் கேட்டாள்.

“நான் சொன்னதையே கேட்கலை. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். யார் வீட்டுச் சாவுன்னு விசாரிக்கிறதுக்கு முன்னாடியே அழ ஆரம்பிச்சிடுவா.”

அழுகை மெல்லப் பாட்டாகியது. பாட்டில் படகுகள் வந்தன. தகரக் கூரையில் மழை பெய்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு கோபத்திலும் மெலியாமேக்குக் கண் சொக்கியது. தான் எங்கே நிற்கிறோம் என்பதே கொஞ்ச நேரம் மறந்து போயிற்று. ரோவீனா மணி பார்ப்பதை விட்டிருந்தாள்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது லாதாய் எழுந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு தங்கள் பாயிடம் வந்தாள். குனிந்து முகர்ந்தாள். “போயிட்டு வரேன்” என்றாள். அவ்வளவுதான்.

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். அங்கே மெலியாமே ஆரம்பித்தாள்.

“அண்ணன் கேட்டா என்னடி சொல்லுவே? அடுத்தவங்க பாய்கிட்ட உட்கார்ந்து அழுதேன்னா?”

“நீதான் நல்லாப் பார்த்தியே. ராத்திரி போன்ல நீ சொல்லு.”

“எட்டு மாசம் கடிதம் எழுதினேன். ஒவ்வொண்ணு கூடவும் ஒரு தாள் வச்சிருந்தாங்களே, எந்தத் தீவுன்னு பெரிசா எழுதி. அதைக்கூடப் படிக்கத் தெரியாதா உனக்கு?”

“படிச்சேன்க்கா. உட்கார்றதுக்கு முன்னாடியே படிச்சேன்.”

“படிச்சுமா?”

லாதாய் இடுப்புப் பாயின் முடிச்சை இறுக்கினாள்.

“தாளோட பின்பக்கத்துல, பார்க்க வந்த சொந்தக்காரங்க பேரெல்லாம் எழுதி வச்சிருக்காங்க. நம்மளுதுல மாமா பேரு இருக்கு. எப்பவோ வந்திருக்கார், நம்மகிட்ட சொல்லலை பாரு. அவர் பொண்ணு பேரும் இருக்கு. இன்னிக்கு நீ இருந்தே.”

“சரி, அதுக்கு?”

“அந்தப் பாயோட தாள்ல, நூறு வருஷத்துல ஒரு பேருகூட இல்லக்கா.”