தண்ணி படக்கூடாது

மூன்றாவது முறையாகப் பொம்மைக்கு வரைந்த மீசை கன்னத்தில் வழிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ஷ்மெல்லோ மிட்டாயை உருக்கி, சர்க்கரைப் பொடி போட்டு, விரல் வலிக்கப் பிசைந்து செய்த பொம்மை. கேக் மேல் நிற்க வேண்டும். ஆறு மணிக்கு விருந்தாளிகள் வந்துவிடுவார்கள்.

"கலர்ப்பொடி மட்டமா இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர், சோபாவில் சாய்ந்தபடி.

"போன வாரம் இதே பொடிதான். அழகா ஒட்டுச்சே?"

"அப்போ புதுசா இருந்திருக்கும்."

"ஏங்க, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க! இது சர்க்கரைப் பொம்மை. ஒரு சொட்டு தண்ணி பட்டாலும் கரைஞ்சிடும். அதுக்காகத்தானே பொடியை வோட்காவுல குழைக்கிறேன்? அது உடனே காஞ்சிடும்."

"சரி சரி, நான் போய்ச் சட்டை மாத்திக்கிறேன்" என்று அவசரமாக உள்ளே போனார்.

நான்காவது முறை பூசினேன். இப்போது கண்ணும் கரைந்து ஒழுகியது. பொம்மை அழுதது, எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

திடீரென்று ஒரு சந்தேகம். மைதா டப்பாவுக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த வோட்கா பாட்டிலை எடுத்து முகர்ந்தேன். வாசனையே இல்லை. ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தேன்.

சுத்தமான குழாய்த் தண்ணி.

பொம்மையின் காலடியில் வைப்பதற்காக, என் மகள் போன வாரமே சர்க்கரைப் பலகையில் எழுதிக் காயவைத்திருந்தாள்:

"தண்ணியை விட்டு ஒரு வருஷம்! வாழ்த்துகள் அப்பா!"